மலேரியாக் கிருமியின் எண்ணெய்க் கணக்கு

முறைக் காய்ச்சல் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு நாள் குளிர் தூக்கிப் போடும். இரண்டு கம்பளி போர்த்தினாலும் பல் கிட்டிக்கொள்ளும். பிறகு உடம்பு அனலாய்க் கொதிக்கும், வியர்த்துக் கொட்டும், காய்ச்சல் இறங்கிவிடும். மறுநாள் நோயாளி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பார். ஆயிற்று, சரியாகிவிட்டது என்று வீட்டார் நினைக்கும்போது, மூன்றாம் நாள் ஏறக்குறைய அதே நேரத்துக்கு மறுபடியும் குளிர் வந்து நிற்கும்.

மலேரியா இப்படி முறை வைத்து வருவதற்குக் காரணம் அதன் ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்குள் வாழும் காலம். பிளாஸ்மோடியம் வைவாக்ஸ், பிளாஸ்மோடியம் பால்சிபாரம் என்னும் இரண்டு முக்கிய இனங்களுக்கும் அது 48 மணி நேரம். ஓர் ஒட்டுண்ணி சிவப்பணுக்குள் நுழைகிறது. வளர்கிறது. இருபது முப்பதாகப் பிரிகிறது. அணுவை உடைத்துக்கொண்டு எல்லாம் வெளியே வருகின்றன. ஒரே சமயத்தில் கோடிக்கணக்கான சிவப்பணுக்கள் உடையும்போதுதான் அந்த நடுக்கம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-ஆம் ஆண்டில் மட்டும் 26 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் கண்டது. ஏறத்தாழ 6 லட்சம் பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு குழந்தைகள்.

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். எனக்கு மலேரியாவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த 48 மணி நேரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கணக்குத்தான் என்னை இதில் இழுத்துவிட்டது. காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

நொடிக்கு நாலாயிரம்

சிவப்பணுவை விட்டு வெளிவரும் குட்டி ஒட்டுண்ணிக்கு மீரோசோயிட் என்று பெயர். அதை ஏறக்குறைய 1.5 மைக்ரான் விட்டமுள்ள உருண்டை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உருண்டையின் பரப்பளவுக்கு வாய்பாடு தெரியுமல்லவா? விட்டத்தின் வர்க்கத்தைப் பையால் பெருக்கினால் 7 சதுர மைக்ரான் வருகிறது. உள்ளே போனது ஒன்று. வெளியே வருவது 20 என்று குறைவாகவே வைத்தால், 140 சதுர மைக்ரான். வேடிக்கை என்னவென்றால், அவை குடியிருந்த சிவப்பணுவின் மேற்பரப்பும் சற்றேறக்குறைய அதே 140 சதுர மைக்ரான்தான்!

அந்தப் பரப்பு முழுவதையும் போர்த்தியிருப்பது சவ்வு. சவ்வு என்பது பெரும்பாலும் கொழுப்பு வகைப் பொருள். லிப்பிட் என்று பொதுப்பெயர் சொல்வார்கள். ஒரு சதுர மைக்ரான் சவ்வில் சுமார் 50 லட்சம் லிப்பிட் மூலக்கூறுகள் இருக்கும். அப்படியானால் 140 சதுர மைக்ரானுக்கு 70 கோடி. 48 மணி நேரத்தில் 1,72,800 நொடிகள். வகுத்துப் பாருங்கள். நொடிக்கு ஏறத்தாழ 4,000 மூலக்கூறுகள், இரவு பகல் ஓயாமல்! சவ்வில் புரதங்களும் இடம் பிடித்துக்கொள்வதால் கொஞ்சம் கழிக்க வேண்டும். ஆனால் ஒட்டுண்ணியின் வயிற்றுக்குள்ளும் பலவகைச் சவ்வுகள் மடிப்பு மடிப்பாக இருப்பதால் அதைவிட நிறையக் கூட்ட வேண்டும். ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுவில் பாஸ்போலிப்பிட் ஐந்தாறு மடங்கு பெருகிவிடுகிறது என்பது ஆய்வகத்தில் அளந்து கண்ட உண்மை.

ஒரு சதுர மைக்ரானில் எத்தனை மூலக்கூறு என்று எப்படித் தெரியும்? இதற்கு அடித்தளம் போட்டது 1925-இல் ஹாலந்தின் லைடன் நகரில் கோர்டர், கிரெண்டல் என்ற இருவர் செய்த சோதனை. சிவப்பணுக்களை எண்ணி எடுத்து, அசிட்டோனால் அவற்றின் கொழுப்பைப் பிரித்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரே மூலக்கூறு கனத்துக்குப் பரவவிட்டு, பரப்பை அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல் சரியாக இரண்டு மடங்கு வந்தது. ஆகவே சவ்வு இரட்டை அடுக்கு என்று முடிவு கட்டினார்கள். குளத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் வானவில்லாய்ப் பரவுகிறதே, அதே இயற்பியல்தான். இதில் ஒரு கூத்து உண்டு. அசிட்டோன் எல்லாக் கொழுப்பையும் பிரித்தெடுக்கவில்லை; அவர்கள் சிவப்பணுவின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், விடை மட்டும் சரியாக வந்தது. தேர்வில் நீங்கள் இப்படிச் செய்தால் நான் மதிப்பெண் போடமாட்டேன்.

காலி வீட்டில் குடியேறியவன்

சரி, நொடிக்கு நாலாயிரம் லிப்பிட் தேவை. எங்கிருந்து கிடைக்கும்? சிவப்பணுவிடம் கேட்டுப் பயனில்லை. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை. கொழுப்பு தயாரிக்கும் உறுப்புகளும் இல்லை. அது ஹீமோகுளோபின் அடைத்த ஒரு பை, அவ்வளவுதான். குடி வந்தவனே மூட்டை முடிச்சு, அடுப்பு, பாத்திரம் எல்லாம் கொண்டுவந்தாக வேண்டும்.

ஒட்டுண்ணிச் சவ்வின் பெரும் பகுதி பாஸ்படிடைல்கோலின், பாஸ்படிடைல்எத்தனாலமின் என்ற இரண்டு பொருள்களால் ஆனது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். முதலாவது முட்டையின் மஞ்சள் கருவில் நிறைய இருக்கிறது. பிஸ்கட் உறையில் லெசித்தின் என்று போட்டிருப்பதில் முக்கியமான கூறும் இதுவே. ஒரு தலை, இரண்டு வால். தலையில் கோலின் என்ற சிறு மூலக்கூறு உண்டு. அது தண்ணீரை விரும்பும். வால்கள் கொழுப்பு அமிலங்கள். அவை தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். இந்த விருப்பு வெறுப்பினால்தான் சவ்வு இரட்டை அடுக்காகத் தானே அமைகிறது.

கோலினை ஒட்டுண்ணி நம் இரத்தத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அது போதாதென்று பால்சிபாரம் இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. செரின் என்ற அமினோ அமிலத்திலிருந்து படிப்படியாக அதே பொருளைச் செய்துகொள்கிறது. அந்த வழியில் வேலை செய்யும் ஒரு நொதி தாவரங்களில் காணப்படும் வகை. மனித உடலில் கிடையாது. மலேரியாக் கிருமிக்குத் தாவர நொதி ஏன் என்று ஒரு கேள்வியை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அவிழ்ப்போம்.

கோலின் வரும் வாசலை அடைத்தால்? பிரான்சின் மோன்பெலியே நகரில் ஆன்ரி வியாலும் அவர் குழுவினரும் இந்த வழியில் நெடுங்காலம் உழைத்தார்கள். கோலினைப் போலவே தோற்றமளித்து ஏமாற்றும் மூலக்கூறுகளைச் செய்தார்கள். ஜி-25 என்ற ஒன்று, ஒட்டுண்ணி உள்ள சிவப்பணுக்களில் மட்டும் போய்க் குவிந்தது. மலேரியா கண்ட குரங்குகளை மிகக் குறைந்த அளவிலேயே குணப்படுத்தியது. 2002-இல் இந்தச் செய்தி வந்தபோது பெரிய பரபரப்பு. அதன் தம்பி முறையான வேறொரு மருந்து மனிதரிடம் சோதிக்கும் கட்டம்வரை சென்று, அங்கேயே நின்றுவிட்டது. மருந்து ஆராய்ச்சியில் இப்படி நிற்பவைதான் அதிகம்.

சிறைப்பட்ட பாசி

இனி முடிச்சை அவிழ்ப்போம். மலேரியா ஒட்டுண்ணியின் உள்ளே 35,000 எழுத்துகள் நீளமுள்ள ஒரு வட்ட வடிவ டி.என்.ஏ. தனியாக இருப்பதைக் கண்டு விஞ்ஞானிகள் வெகுகாலம் குழம்பினார்கள். 1990-களில் விடை கிடைத்தது. அது ஒரு பசுங்கணிகத்தின் மிச்சம்! இலைகளில் ஒளிச்சேர்க்கை செய்கிறதே, அதே உறுப்பு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த ஒட்டுண்ணியின் மூதாதை ஒரு பாசியை விழுங்கியிருக்கிறது. விழுங்கியதைச் செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. பிற உயிர்களுக்குள் ஒட்டுண்ணியாக வாழத் தொடங்கியதும் நிறம் போயிற்று, ஒளிச்சேர்க்கை போயிற்று. நான்கு சவ்வுகளுக்குள் சிறைப்பட்ட சிறு பை மட்டும் மிஞ்சியது. இதற்கு ஏபிகோபிளாஸ்ட் என்று பெயர்.

வேலை இல்லாத உறுப்பை யாரும் இத்தனை காலம் வைத்துக் காப்பாற்றுவதில்லை. 1998-இல் ஒரு துப்பு கிடைத்தது. கொழுப்பு அமிலம் செய்யும் நொதிகள் இங்கே இருக்கின்றன. நம் உடலில் இந்த வேலை முழுவதையும் ஒரே பெரிய புரதம் செய்து முடிக்கிறது. பாக்டீரியாவிலும் பசுங்கணிகத்திலும் அப்படியல்ல; ஒவ்வொரு படிக்கும் தனித்தனி நொதி. பட்டறையில் ஒருவர் கம்பியை வெட்ட, அடுத்தவர் வளைக்க, மூன்றாமவர் முறுக்குவது போல இரண்டிரண்டு கார்பன் அணுக்களாக வாலை நீட்டிக்கொண்டே போகின்றன. நம்மிடம் இல்லாத ஏற்பாடு ஒட்டுண்ணியிடம் இருக்கிறது என்றால் மருந்து தேடுபவர்களுக்கு வாயில் நீர் ஊறும். ஒட்டுண்ணியை அடிக்கலாம்; நோயாளிக்கு அடி விழாது.

2001-இல் பெங்களூரில் நமிதா சுரோலியா, அவதேஷ சுரோலியா இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோப்பிலும் பற்பசையிலும் ஒரு காலத்தில் தாராளமாகச் சேர்க்கப்பட்ட டிரைக்ளோசன் என்ற கிருமிநாசினி, ஆய்வகத்தில் வளர்த்த பால்சிபாரத்தைக் கொல்கிறது. மலேரியா கண்ட எலிகளையும் காப்பாற்றுகிறது. அந்த வரிசையில் ஒவ்வொரு சுற்றின் கடைசிப் படியைச் செய்யும் நொதியை அது முடக்குகிறது என்றும் காட்டினார்கள். அப்போது நான் முதுகலை மாணவன். செய்தித்தாளில் வந்த துண்டை வெட்டி விடுதி அறைச் சுவரில் ஒட்டிவைத்தேன். பக்கத்து ஊரான பெங்களூரில், பற்பசையிலிருந்து மலேரியாவுக்கு மருந்து! ஆசிரியரானபின் எத்தனையோ வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

கதை அங்கே முடியவில்லை என்பதை எங்கள் கல்லூரி விலங்கியல் ஆசிரியர் ஒருவர் காப்பி குடிக்கும்போது போகிறபோக்கில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. 2008-இல் அமெரிக்காவில் டேவிட் ஃபிடாக் குழுவினர் ஒரு நேரடியான சோதனை செய்திருந்தார்கள். அந்த நொதிக்குரிய ஜீனையே ஒட்டுண்ணியிலிருந்து வெட்டி எடுத்துவிட்டார்கள். நொதி உயிர்நாடி என்றால் ஒட்டுண்ணி சாக வேண்டும் அல்லவா? சாகவில்லை. சிவப்பணுக்களில் ஜோராக வளர்ந்தது. அதைவிட விசித்திரம், நொதியே இல்லாத அந்த ஒட்டுண்ணியையும் டிரைக்ளோசன் முன்போலவே கொன்றது! மருந்து கொன்றது உண்மை. எலி பிழைத்தது உண்மை. ஆனால் குண்டு பட்ட இடம் வேறு.

அப்படியானால் இரத்தத்தில் இருக்கும்போது வாலுக்குக் கொழுப்பு அமிலம் ஏது? பெரும்பாலும் திருட்டுத்தான். நம் இரத்தத் திரவத்தில் கொழுப்பு அமிலங்கள் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன. பனை வகை எண்ணெயில் மிகுந்துள்ள பால்மிடிக் அமிலமும், கடலை எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலமும் கலந்து கொடுத்தால் ஒட்டுண்ணியை ஆய்வகத்தில் வளர்க்க முடிகிறது. ஆய்வக வளர்ப்பே ஓர் அழகான கதை. 1976-இல் நியூயார்க்கில் டிரேகர், ஜென்சன் இருவரும் மனிதச் சிவப்பணுக்களோடு பால்சிபாரத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி மூடினார்கள். சுடர் அணைந்தபோது உள்ளே ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடியிருந்தது. ஒட்டுண்ணிக்கு அதுவே இதமான காற்று. அதன்பிறகுதான் இந்தச் சோதனைகள் எல்லாம் சாத்தியமாயின.

சொந்தப் பட்டறை எதற்கு என்பதற்கும் அதே ஆண்டுகளில் பதில் கிடைத்தது. கொசு கடித்ததும் ஒட்டுண்ணி நேரே இரத்த அணுவுக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரே செல்லுக்குள் ஒரு வாரத்தில் இருபதல்ல, பல்லாயிரம் குட்டிகளாகப் பெருகுகிறது. மேலே போட்ட கணக்கை 20-க்குப் பதில் 20,000 என்று வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். திருடி மட்டும் கட்டுப்படியாகாது என்று தோன்றுகிறதா? பட்டறை அழிக்கப்பட்ட எலி மலேரியா ஒட்டுண்ணிகள் கல்லீரலின் கடைசிக் கட்டத்தில் வந்து நின்றுபோயின. இரத்தத்துக்கு வரவே இல்லை.

அப்படியானால் இரத்தத்தில் ஏபிகோபிளாஸ்ட் வேண்டாமா? வேண்டும், ஆனால் ஒரே ஒரு சரக்குக்காக. 2011-இல் எல்லன் யே, ஜோசப் டெரிசி இருவரும் மருந்து கொடுத்து இந்த உறுப்பையே ஒட்டுண்ணியிலிருந்து ஒழித்தார்கள். வளர்க்கும் திரவத்தில் ஐந்து கார்பன் கொண்ட ஐசோபென்டெனில் பைரோபாஸ்பேட் என்ற பொருளை மட்டும் ஊற்றிவந்தார்கள். உறுப்பில்லாமலே ஒட்டுண்ணி தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. ரப்பர் மரத்துப் பாலும் கேரட்டின் செம்மஞ்சள் நிறமும் இதே ஐந்து கார்பன் செங்கல்லால் கட்டப்படுபவை. மலேரியாப் பகுதிக்குப் போகும் பயணிகளுக்கு முன்காப்பாகக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் இந்த உறுப்பைத்தான் கெடுக்கிறது. அதனால்தான் அது மெதுவாக வேலை செய்கிறது. மருந்து பட்ட ஒட்டுண்ணி உடனே சாவதில்லை. அடுத்த 48 மணிச் சுற்றில் அதன் பிள்ளைகள் சாகின்றன.

கல்லீரலில் நின்றுபோகும் ஒட்டுண்ணி என்றதும் சிலருக்கு மருந்தைவிடத் தடுப்பூசி நினைவு வந்தது. நோய் தராது, ஆனால் உடம்பு எதிரியை நன்றாகப் பார்த்துப் பழகிக்கொள்ளும். எலிகளில் அபாரமாகப் பலித்தது. மனித ஒட்டுண்ணியான பால்சிபாரத்தில் அதே ஜீனை நீக்கினார்கள். அது கல்லீரலுக்கே வரவில்லை. கொசுவின் வயிற்றிலேயே மேற்கொண்டு வளராமல் நின்றுவிட்டது. 2014-இல் வந்த செய்தி இது. எலியின் ஒட்டுண்ணி வேறு, மனிதனின் ஒட்டுண்ணி வேறு.

ஆகவே கொழுப்பு ஜீனை விட்டுவிட்டு, கல்லீரலின் கடைசிக் கட்டத்தில் நிறுத்தும் மெய்-2 என்ற வேறொரு ஜீனை நீக்கினார்கள். இம்முறை கொசு ஏமாற்றவில்லை. அந்த ஒட்டுண்ணி ஏற்றிய கொசுக்களைத் தன்னார்வலர்களின் கையில் கடிக்கவிட்டு, பிறகு உண்மையான மலேரியாக் கொசுவாலும் கடிக்கவிட்டார்கள். 9 பேரில் 8 பேருக்கு மலேரியா வரவில்லை. 2024-இல் வெளியான இந்தச் சோதனை நடந்த ஊர், கோர்டரும் கிரெண்டலும் தண்ணீர்த் தொட்டியில் சிவப்பணுக் கொழுப்பைப் பரவவிட்ட அதே லைடன்.