தங்கச்சிக்கு லைசென்ஸ் வந்தாச்சு, கார் இன்சூரன்ஸ் ஏறுமா?

இந்த வாரம் எடுத்துக்கிட்ட கேள்வி நிறைய பேர் வீட்ல ஓடிட்டிருக்கிற ஒண்ணு. தம்பிக்கோ தங்கச்சிக்கோ 18 வயசு முடிஞ்சு லைசென்ஸ் வந்திருக்கு. அப்பா பேர்ல இருக்கிற காரை இனி அவங்களும் எடுப்பாங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லணுமா? பிரீமியம் ஏறுமா?

இதை நெட்ல தேடினா முதல்ல வர்றது அமெரிக்கக் கட்டுரைகள்தான். அங்க வீட்ல யார் யார் ஓட்டுறாங்கன்னு பாலிசியிலயே பேர் சேர்க்கணும். பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளையைச் சேர்த்தா பில் எகிறிடும். அதைக் குறைக்க நல்ல மார்க் வாங்குற மாணவர் தள்ளுபடி, ஓட்டுற விதத்தைக் கண்காணிக்கிற ஆப் அப்படின்னு பல வழி சொல்லுவாங்க. அதைப் படிச்சுட்டு இங்க பயப்பட வேண்டாம்.

நம்ம ஊர்ல வழக்கமான பாலிசி வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்ல. என் பாஷையில சொன்னா, பிரீமியம் கணக்குப் போடுற ஃபங்ஷனுக்கு டிரைவர் வயசு இன்புட்டாவே போறது கிடையாது. கார் மாடல், சிசி, எத்தனை வருஷப் பழசு, எந்த ஊர் பதிவு, ஐடிவி எவ்வளவு, இதுதான் உள்ள போகுது. அதுலயும் தேர்ட் பார்ட்டி பகுதி அரசாங்கம் நிர்ணயிச்ச தொகை. 2022 ஜூன்ல அமலுக்கு வந்த அறிவிப்புப்படி 1000 சிசி வரைக்கும் 2,094 ரூபாய், 1500 வரைக்கும் 3,416, அதுக்கு மேல 7,897. யார் ஓட்டினாலும் அதே காசு.

அப்போ செலவே இல்லையான்னா, இருக்கு. அது ரினீவல்ல வேற பேர்ல வரும். நோ கிளெய்ம் போனஸ், சுருக்கமா என்சிபி. கிளெய்ம் பண்ணாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, அஞ்சு வருஷம் ஆனா 50. இந்தத் தள்ளுபடி சொந்தச் சேதம், அதாவது ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான். ஒரே ஒரு கிளெய்ம் போட்டா ஜீரோவுக்கு வந்துடும். புதுசா ஓட்டுறவங்க முதல் வருஷத்துல பார்க்கிங் தூண்ல பம்பரை உரசுறது சகஜம். அங்கதான் காசு போகுது.

ஒரு கணக்குப் போடுவோம். ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன்னாடி 12,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. அப்பா கஷ்டப்பட்டுச் சேர்த்த என்சிபி 50. கட்டுறது 6,000. இப்போ பம்பருக்கு கிளெய்ம் போட்டா அடுத்த வருஷம் முழு 12,000. அதுக்கடுத்து 20, 25, 35, 45னு ஏறி மறுபடி 50 வர்ற வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா இழப்பீங்க. கூட்டினா 50, 30, 25, 15, 5, ஆக மொத்தம் 125 சதவீதம். அதாவது 15,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வண்டி பழசாக ஆக ஐடிவி குறையும், அதனால நிஜத்துல இதைவிடக் கொஞ்சம் கம்மியா வரும். ஆனா கிளெய்ம்ல கைக்கு வர்றதும் கம்மிதான். ஜீரோ டெப் எடுக்கலன்னா பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலைதான் தருவாங்க, அதுல கட்டாயக் கழிவா குறைஞ்சது 1,000 ரூபாய் வேற போகும். எட்டாயிரம் ரூபாய் வேலைக்கு கிளெய்ம் போடுறது நஷ்டம். நாற்பதாயிரத்துக்கு மேல போனா தயங்காம போடுங்க. உங்க பாலிசித் தாள்ல இருக்கிற ஓன் டேமேஜ் தொகையை வச்சு இதே கணக்கை ஒருதடவை போட்டு, வீட்ல எல்லாருக்கும் அந்த எண்ணைச் சொல்லி வைங்க.

என்சிபி புரொடெக்ட்னு ஒரு ஆட்-ஆன் இருக்கு. புதுசா ஒருத்தர் ஓட்ட ஆரம்பிக்கிற வருஷம்தான் அதுக்கு அர்த்தம் இருக்குன்னு நினைக்கிறேன். 20 சதவீதத்துல இருக்கிறவங்களுக்கு அது வீண். வாலன்டரி டிடக்டிபிள் எடுத்தா பிரீமியம் குறையும், ஆனா இடிச்சா அந்தத் தொகை உங்க கையிலிருந்து போகும். அதனால இந்த வருஷம் வேண்டாம். காரை மகள் பேருக்கே மாத்திடலாம்னு சிலர் யோசிப்பாங்க. என்சிபி காரோட போகாது, ஓனரோடதான் இருக்கும். மகள் ஜீரோவுல ஆரம்பிக்கணும்.

இதுவரைக்கும் பேசினது ஆயிரக்கணக்கு. லட்சக்கணக்கு வேற இடத்துல இருக்கு, லைசென்ஸ்ல. எல்எல்ஆர் வச்சு ஓட்டலாம், பாலிசியும் செல்லும். ஆனா முன்னாடியும் பின்னாடியும் எல் போர்டு இருக்கணும், லைசென்ஸ் உள்ள ஒருத்தர் பக்கத்துல, வண்டியை நிறுத்துற மாதிரி உட்கார்ந்திருக்கணும். "முக்குக் கடைக்குத்தானே"ன்னு தனியா எடுத்துட்டுப் போய் இடிச்சா ஓன் டேமேஜ் கிளெய்மை மறுக்க அவங்களுக்குக் காரணம் கிடைச்சிடும். லைசென்ஸே இல்லாதவங்க கையில வண்டி கொடுத்து யாருக்காவது அடிபட்டா, கம்பெனி பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு கொடுத்துட்டு அதை ஓனர்கிட்ட திருப்பி வசூலிக்கலாம். உயிரிழப்புன்னா அந்தத் தொகை வீட்டையே வித்தாலும் பத்தாமப் போகலாம். ஓட்டினவர் 18க்குக் கீழேன்னா 2019 திருத்தச் சட்டத்துல 199ஏ பிரிவு வருது. பெற்றோருக்கோ ஓனருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் சிறை, வண்டிப் பதிவு 12 மாசம் ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது.

இன்னொண்ணும் பலர் கவனிக்கிறதில்ல. பாலிசியோட வர்ற 15 லட்சம் விபத்துக் காப்பீடு ஓனர்-டிரைவருக்கு மட்டும். அப்பா பேர்ல கார், ஓட்டினது மகள்னா அது மகளுக்குச் சேராது. அவங்க பேர்லயே ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்துடுங்க.

ரினீவல் தேதியையும் காலண்டர்ல போட்டு வைங்க. பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்டினா, யாரும் எங்கயும் இடிக்காமலே என்சிபி போயிடும்.