தலைகீழாகச் சாப்பிடும் அலகு

சுட்டிப் பிள்ளைகளே, பூநாரையின் மூக்கு ஏன் நடுவில் ஒடிந்ததுபோல வளைந்திருக்கிறது என்று பொன்னேரிச் சிறுமி ஒருத்தி என்னிடம் கேட்டாள். எவ்வளவு அழகான கேள்வி! உற்றுப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பழவேற்காடு ஏரி இருக்கிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமானது. மழைக்காலம் தொடங்கினால் பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்கும்.

அவை சாப்பிடுவதைப் பாருங்கள். கழுத்தைத் தொங்கவிட்டு, தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணீருக்குள் விடும். மேல் அலகு கீழே போய்விடும், கீழ் அலகு மேலே வந்துவிடும்!

உள்ளே தடித்த நாக்கு ஒன்று இருக்கிறது. அது பின்னால் போனால் சேற்றுத் தண்ணீர் வாய்க்குள் வரும். முன்னால் வந்தால் தண்ணீர் வெளியேறும். ஒரு நொடிக்குள் பல முறை இப்படி நடக்கும். அலகின் ஓரங்களில் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கின்றன. குட்டி இறாலும் புழுவும் அவற்றில் சிக்கிக்கொள்ளும். அந்த இறாலில் இருக்கும் நிறமிதான் பூநாரையின் சிறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது.

சரி, வளைவு எதற்கு? உங்கள் பையில் இருக்கும் இரண்டு ஸ்கேல்களை எடுங்கள். ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்து மறுமுனையை விரியுங்கள். பிடித்த பக்கம் இடைவெளி குறுகல், நுனியில் அகலம். தெரிகிறதா? அலகு நேராக இருந்திருந்தால் நுனி வழியாக வேண்டாத பெரிய பொருள்களும் உள்ளே புகுந்துவிடும். வளைந்த அலகைக் கொஞ்சம் திறந்தால் முழு நீளத்துக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். வடிகட்ட அதுதானே வேண்டும்? எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீருவதே இல்லை.

இன்னொரு செய்தி சொல்கிறேன். பூநாரைக் குஞ்சுக்கு இந்த வளைவு கிடையாது. பொரிந்து வரும்போது அலகு நேராக இருக்கும். அதனால் அதற்கு வடிகட்டத் தெரியாது. தாயும் தந்தையும் தங்கள் உணவுக்குழாயில் சுரக்கும் பால் போன்ற திரவத்தை ஊட்டி வளர்க்கும். அலகு வளைய வளையக் குஞ்சு தானே மேயப் பழகும். இதை நம் ஏரியில் பார்க்க முடியாது. குஜராத்தின் கட்ச் உப்புநிலத்தில் சேற்றைக் குவித்துக் கூடு கட்டித்தான் அவை குஞ்சு பொரிக்கும்.

ஆனால், வயல்வெளியில் நீங்களே பார்க்கக்கூடிய பறவை ஒன்று இருக்கிறது. நத்தைகுத்தி நாரை! அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். அந்தச் சந்தில் வைத்துப் பாக்குவெட்டிபோல நத்தை ஓட்டை உடைக்கும் என்றுதான் முன்பு சிலர் நினைத்தார்கள். ஆனால் அது தின்றுவிட்டுப் போடும் ஓடுகள் பெரும்பாலும் உடையாமல் கிடந்தன. அப்படியானால் எப்படித் தின்றது? யோசித்தீர்களா?

நத்தை தன் வாசலை ஒரு மூடியால் அடைத்துக்கொள்ளும். நாரை மேல் அலகால் ஓட்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கூரான கீழ் அலகின் நுனியை அந்த மூடிக்கு அடியில் நுழைக்கும். சதையை அறுத்து வெளியே இழுத்துவிடும். வேலை பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே முடிந்துவிடுவதால் நம் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை.

இதன் குஞ்சுக்கும் பிறக்கும்போது சந்து இருக்காது. வளர வளரத்தான் விழும். அடுத்த முறை ஏரிக்கரையில் நத்தைகுத்தியைக் கண்டால், விரட்டாமல் எட்ட நின்று பக்கவாட்டில் பாருங்கள். அலகில் சந்து நன்றாகத் தெரிந்தால் வளர்ந்த பறவை. தெரியவில்லையா? அது உங்களைப் போல ஒரு சின்னப் பிள்ளை.