நாயோடு கடற்கரை நடை: உங்கள் காலில் செருப்பு இருக்கட்டும்

மருதனார்மடத்தில் கடல் இல்லை. சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே பத்துக் கிலோமீற்றர் அளவு போனால்தான் உப்புக்காற்று முகத்தில் படும். வளர்ப்பு நாயை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறை, கீரிமலைப் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

நடை யாருக்கு நல்லது?

இருவருக்கும்தான். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்களாவது வேகநடை போன்ற உடற்பயிற்சி செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஐந்து நாள், அரை மணித்தியாலம் வீதம் என்றால் கணக்குச் சரி. அலுப்பு, மழைக்குணம் என்று நமக்கு ஆயிரம் சாட்டு உண்டு. நாய்க்கு ஒன்றும் இல்லை. ஆனால் கதியாலுக்குக் கதியால் நின்று மோந்து பார்க்கும் நாயோடு மெல்ல அசைவது வேகநடையில் சேராது. கடற்கரை ஞாயிறுக்கு இருக்கட்டும், மற்ற நாட்களுக்கு ஒழுங்கை போதும்.

மணலுக்குள் இருப்பது

கட்டாக்காலி நாய்கள் மலம் கழிக்கும் மணலில் கொக்கிப்புழு முட்டைகள் விழுகின்றன. ஈரமும் நிழலும் கிடைத்தால் அவை பொரித்து, கிட்டத்தட்ட ஒரு வாரத்தில் தோலைத் துளைக்கக்கூடிய குடம்பிகளாகிவிடும். வெறுங்காலோடு மிதித்தால் பாதத்திலும் விரலிடுக்கிலும் நுழைந்து, தோலுக்கடியில் வளைந்து வளைந்து ஊரும். சிவந்த கோடு ஒன்று நாளுக்கு நாள் நீளும். இரவில் கடி தாங்கமுடியாது. சொறிந்தால் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். வைத்தியரிடம் காட்டினால் குளிசையால் மாறிவிடும். இலங்கையின் பழைய பெயரைத் தாங்கிய ‘அன்கைலொஸ்டோமா சிலானிகம்’ என்ற இனமோ மனிதக் குடலிலேயே வளரவும் வல்லது.

அலை கழுவும் ஈரமணலில் ஆபத்துக் குறைவு. அலை எட்டாத, மரநிழல் விழும் மணலில்தான் கவனம் வேண்டும். நாம் பாய் விரிப்பதும் அங்கேதான்! நாய்க்குக் காலம் தவறாமல் பூச்சிமருந்து கொடுங்கள். அதன் மலத்தைப் பையில் அள்ளி எடுங்கள். இதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர் நாய் வளர்க்கத் தேவையில்லை.

வெயிலும் உப்பும்

நாய்க்குப் பாதத்தில் மட்டுமே சிறிது வியர்க்கும். இளைத்துத்தான் சூடு தணிக்கும். புறங்கையை மணலில் ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் திரும்பிவிடுங்கள். குடிக்க நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள், கடல்நீர் குடித்தால் சத்தியும் வயிற்றோட்டமும் வரும். கரையில் ஒதுங்கிய பேத்தை மீனை நாய் கவ்வ விடவேண்டாம், அதன் நஞ்சு உயிரைப் பறிக்கும். கழுத்துக் கயிற்றை அவிழ்க்காதீர்கள்: போர் நடந்த பூமி இது, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நாட்டிய பற்றைக்குள் நாயும் போகக்கூடாது.

கடியும் கீறலும்

கட்டாக்காலியோடு உங்கள் நாய் சண்டை பிடித்தால் இடையில் கையை நீட்டவேண்டாம். கடியோ கீறலோ பட்டால், புண்ணில் எச்சில் பட்டாலும்கூட, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூசவேண்டாம். விசர்நாய் நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. தடுப்பூசி அதற்கு முன்னரே ஏறவேண்டும். அரச வைத்தியசாலைகளில் அது இலவசம். “வீட்டு நாய்தானே” என்று நாளைக்குத் தள்ளாமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.