கஞ்சா போதையில் கார் ஓட்டி மோதினால் நமக்குக் கதி என்ன?

விடியுமுன்னே பெரட்டுக்குப் புறப்படுகிறவர்கள் நாம். தோட்டத்துச் செம்மண் பாதையை விட்டுப் பெரிய ரோட்டில் ஏறிவிட்டால் நம் உயிர் நம் கையில் மட்டும் இல்லை. எதிரே வருகிறவன் கையிலும் இருக்கிறது. அவன் நிதானத்தோடு வந்தால் சரி. கஞ்சாப் புகையில் மிதந்துகொண்டு வந்தால்?

மோட்டார் சைக்கிளில் போன குடும்பத் தலைவன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பான். மூன்று மாதம் மரம் வெட்டவோ குலை அறுக்கவோ முடியாது. சில வீடுகளில் அவன் திரும்பி வரவே மாட்டான். அப்போது லயத்தில் எழும் பேச்சு நாம் கேட்டுப் பழகியதுதான்: "மோதினவன் கஞ்சா அடிச்சிட்டு ஓட்டினானாம். அதனால இன்சூரன்ஸ் ஒரு காசு தராதாம். போனது போச்சு, கோர்ட்டு கச்சேரின்னு எவன் அலையறது?" ஒருவர் சொல்வார், பத்துப் பேர் தலையாட்டுவார்கள், பறிகொடுத்த குடும்பம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

தோழர்களே, அந்தப் பேச்சு தவறு. ஓட்டியவன் கஞ்சா அடித்திருந்தான் என்பது அவனுக்குத்தான் கேடு. அதைக் காட்டி நம்முடைய நஷ்டஈட்டை மறுக்க முடியாது. எப்படி என்று பார்ப்போம்.

வழக்கு ஒன்றல்ல, இரண்டு

முதல் வழக்கு அரசாங்கம் தொடுப்பது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 44ஆவது பிரிவு, மதுவோ போதைப்பொருளோ உட்கொண்டு, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டிப் பிறருக்கு மரணமோ காயமோ விளைவிப்பவர்களைத் தண்டிக்கிறது. 2020இல் இந்தப் பிரிவைக் கடுமையாக்கினார்கள். மரணம் நேர்ந்தால் முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம். காயம் நேர்ந்தால் 7 முதல் 10 ஆண்டு வரை சிறை, 30,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம். லைசென்சும் பறிபோகும். கஞ்சா உட்கொண்டதே தனிக் குற்றம். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆவது பிரிவில் அதற்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ உண்டு.

ஆனால் அவன் கட்டும் அபராதம் அரசாங்கக் கஜானாவுக்குத்தான் போகும். அவன் பதினைந்து வருஷம் உள்ளே இருந்தாலும் நம் வீட்டு அரிசிப் பானை அதனால் நிறையாது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்டுக்கொண்டால், தண்டனை கொடுக்கும் நீதிமன்றமே பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தரக் கட்டளையிடலாம். அதை நம்பி மட்டும் இருக்க வேண்டாம்.

இரண்டாவது வழக்கு நாம் தொடுப்பது. கவனக்குறைவாக ஓட்டி எனக்கு இவ்வளவு நஷ்டம் உண்டாக்கினான், அதை ஈடுகட்டு என்று கேட்கும் சிவில் வழக்கு. சாலை விபத்து வழக்கு எவ்வளவு பெரிய தொகையானாலும் செஷன்ஸ் நீதிமன்றத்திலேயே நடக்கும். அரசாங்க வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அதில் அவன் விடுதலையானாலும் நம் வழக்கு சாகாது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். இங்கே யார் பக்கம் நியாயம் கூடுதலாகத் தெரிகிறது என்பதே கேள்வி. அங்கே அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் இங்கே நமக்கு அது கூடுதல் பலம்.

சிறுநீர்ச் சோதனை மட்டும் போதுமா?

போலீஸ் சிறுநீரோ ரத்தமோ எடுத்துச் சோதிக்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சாராயம் சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். கஞ்சாவின் தடயமோ பல நாள் கழித்தும் சிறுநீரில் தெரியும். ஆகவே, 'சிறுநீரில் கஞ்சா இருந்தது' என்பது மட்டும் 'மோதிய நேரத்தில் போதையில் இருந்தான்' என்பதற்கு முழு அத்தாட்சி ஆகாது. அவன் வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொள்வார்.

அதனால் நாம் கஞ்சாவை மட்டும் கட்டிக்கொண்டு அழக்கூடாது. அவன் எப்படி ஓட்டினான் என்பதே நம் வழக்கின் முதுகெலும்பு. கோட்டைத் தாண்டி நம் பக்கம் வந்தானா? சிவப்பு விளக்கில் நிற்காமல் வந்தானா? பிரேக் பிடித்த தடம் ரோட்டில் இருந்ததா? இவற்றைக் காட்டினாலே நஷ்டஈடு கேட்க முடியும். கஞ்சா நிரூபணமானால் வழக்கு இன்னும் உறுதிப்படும், அவ்வளவுதான்.

இன்சூரன்ஸ் கைவிரிக்க முடியுமா?

ரோட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் பிறர் உயிருக்கும் உடம்புக்கும் வரும் சேதத்தை ஈடுகட்டும் காப்புறுதி கட்டாயம் இருக்க வேண்டும். "ஓட்டுநர் போதையில் இருந்தால் பணம் தரமாட்டோம்" என்று பாலிசியில் அச்சடித்திருப்பது உண்மை. ஆனால் அந்த வாசகம் கம்பெனிக்கும் வண்டிக்காரனுக்கும் இடையில்தான். அடிபட்ட மூன்றாவது ஆளுக்கு எதிராக அது செல்லாது என்று அதே 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆவது பிரிவு சொல்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினான் என்ற சாக்கும் அப்படியே செல்லாது. கம்பெனி முதலில் நமக்குக் கொடுக்க வேண்டும். பிறகு வேண்டுமானால் அவனிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்ட 7 நாட்களுக்குள்ளோ காப்புறுதிக் கம்பெனிக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். வக்கீல் இதைச் செய்தாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டிக்குக் காப்புறுதியே இல்லை என்றால்? அப்போதும் வழி அடைபடவில்லை. காப்புறுதியில்லாத வண்டியால் காயம்பட்டவர்களுக்காகவே மோட்டார் காப்புறுதியாளர் அமைப்பு இருக்கிறது. எம்.ஐ.பி. என்று சொன்னால் வக்கீல்களுக்குத் தெரியும்.

ஆனால் கஞ்சாக்காரனின் சொந்தக் காரிலேயே நாம் ஓசியில் ஏறிப் போயிருந்தால் கதை வேறு. தனியார் காரில் பயணிக்கிறவருக்குக் கட்டாயக் காப்புறுதி இல்லை. போதையில் இருப்பவன் "ஏறுப்பா, விட்டுடறேன்" என்று கூப்பிட்டால் கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிடுவதே புத்தி.

உடனே செய்ய வேண்டியவை

விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் வண்டி ஓட்டியவர் போலீசில் ரிப்போர்ட் செய்ய வேண்டும். அவர் படுக்கையில் இருந்தால் மனைவியோ மகனோ போய் விவரம் சொல்லட்டும். மோதியவன் கண் சிவந்திருந்தது, நாக்குக் குழறியது, காரில் கஞ்சா வாடை அடித்தது என்றால் ரிப்போர்ட்டில் அதை எழுதச் சொல்லுங்கள். சோதனை செய்யும்படியும் கேளுங்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். ஒன்றைப் பத்தாக்கினால் குறுக்கு விசாரணையில் அந்த ஒன்றும் போய்விடும்.

கார் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். இடத்தையும் வண்டிகளையும் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். நின்று பார்த்தவர்களின் பெயரும் போன் நம்பரும் வாங்கி வையுங்கள். பிறகு போலீசிடமிருந்து ரிப்போர்ட் நகல், விபத்து இடத்தின் வரைபடம், விசாரணை முடிவு ஆகியவற்றையும், ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் அறிக்கையையும் பெற வேண்டும். மருந்து ரசீது, டாக்சி ரசீது, எம்.சி. தாள், சம்பளச் சீட்டு எல்லாம் ஒரு பைக்குள் இருக்கட்டும். செலவுக் கணக்குக்கு ரசீது இல்லாவிட்டால் கோர்ட்டில் அது நிற்காது.

எவ்வளவு கேட்கலாம்?

காயம்பட்டவர் வலி வேதனைக்கும், வைத்தியச் செலவுக்கும், இழந்த சம்பளத்துக்கும், இனிமேல் இழக்கப்போகும் சம்பளத்துக்கும் கேட்கலாம். இறந்தவரின் குடும்பத்துக்கு 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் கணக்குச் சொல்கிறது. இறந்தவருக்கு 30 வயதோ அதற்குக் குறைவோ என்றால் 16 ஆண்டுக் கணக்கு. 30க்கு மேல் 60க்குள் என்றால், 60இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் பாதி.

ஓர் உதாரணம் பார்ப்போம். இறந்தவருக்கு வயது 40. மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. தன் செலவு போக வீட்டுக்கு 1,100 வெள்ளி கொடுத்து வந்தார். 60இல் 40 போக 20. அதில் பாதி 10 ஆண்டு. மாதம் 1,100 வீதம் பத்து ஆண்டுக்கு 132,000 வெள்ளி ஆகிறது. இதற்கு மேல் ஈமச் செலவு உண்டு. துயர ஈடாக மனைவிக்கு 30,000 வெள்ளி உண்டு. 2019க்கு முன்பு இது 10,000 வெள்ளியாகத்தான் இருந்தது. மணமாகாத, வயது வராத பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் இந்தத் துயர ஈடு உண்டு.

நம் பக்கமும் தவறிருந்தால், உதாரணமாகத் தலைக்கவசம் போடாமலோ விளக்கில்லாமலோ போயிருந்தால், நீதிமன்றம் அதற்குத் தக்கபடி ஒரு பங்கைக் குறைக்கலாம். அதற்குப் பயந்து உரிமையையே விட்டுவிட வேண்டியதில்லை.

சொக்சோவை மறவாதீர்

வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் நேர்வழியில் போகும்போது அடிபட்டால் அது வேலை விபத்தாகவே எண்ணப்படும். நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். உடனே கிராணியிடம் சொல்லுங்கள். அடிபட்ட நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாத எம்.சி. இருந்தால், தற்காலிக முடக்கத்துக்கு அன்றாடச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். காயத்துக்குச் சொக்சோவில் பணம் வாங்கியதைக் காட்டி, கார்க்காரன் தரவேண்டிய நஷ்டஈட்டைக் குறைக்க முடியாது.

தோட்ட லாரியை ஓட்டிய நம் சக தொழிலாளியே போதையில் கவிழ்த்துவிட்டால் நிலைமை மாறும். அது வேலை விபத்தானால், முதலாளி மீதோ சக தொழிலாளி மீதோ வழக்குப் போட சொக்சோ சட்டம் தடை வைத்திருக்கிறது. அங்கே சொக்சோதான் நமக்கு வழி.

கையெழுத்துப் போடுமுன் யோசியுங்கள்

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவன் மோதியவனின் சொந்தக்காரன். "மூவாயிரம் தர்றோம், ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கிடுங்கண்ணே" என்பான். குற்ற வழக்கை வாபஸ் வாங்குவது நம் கையில் இல்லை; அது அரசாங்கத்தின் வழக்கு. ஆனால் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போட்டால், லட்சம் வெள்ளி உரிமை மூவாயிரத்தோடு முடிந்துபோகலாம்.

மற்றவன் தரகன். "காசு ஒண்ணும் வேணாம்மா, ஜெயிச்சா பங்கு கொடுத்தா போதும்" என்பான். ஜெயித்தால் பங்கு என்று வக்கீல் ஒப்பந்தம் போடுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் தடுக்கிறது. வக்கீலை நேரில் பாருங்கள். வசதி இல்லையா? சட்ட உதவி இலாகாவிலும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையத்திலும் விசாரியுங்கள். சங்கக் கிளைச் செயலாளரையும் துணைக்கு அழையுங்கள்.

கடைசியாக, காலக்கெடு. தீபகற்ப மலேசியாவில் காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு 6 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்துக்கோ 3 ஆண்டுதான். மோதியது அரசாங்க வண்டி என்றால் அதற்கும் 3 ஆண்டுதான். துக்கத்தில் ஒரு வருஷம், தயக்கத்தில் ஒரு வருஷம், "பார்க்கலாம்" என்று ஒரு வருஷம் போனால் கதவு மூடிவிடும். போன உயிரை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தராது. ஆனால் அந்த உயிரை நம்பியிருந்த பிள்ளைகளின் படிப்பும் சாப்பாடும் அவர்களுக்குச் சேரவேண்டிய உரிமை. அதைக் கேட்டு வாங்குவது பிச்சையல்ல. லயத்துப் பேச்சுக்குத் தலையாட்டாமல், தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டு இன்றே புறப்படுங்கள்.