தன்னார்வக் கணிமையில் பணி நீக்கம்

தன்னார்வக் கணிமை என்பது பொதுமக்கள் தங்கள் கணினியின் ஓய்வு நேரத்தை அறிவியல் ஆய்வுகளுக்கு வழங்கும் முறை ஆகும். 1999 மே மாதம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்கப்பட்ட செட்டி அட் ஹோம் இதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இன்று பல திட்டங்கள் போயின்க் என்னும் கட்டற்ற மென்பொருள் வழியே இயங்குகின்றன. கணினிக்கு வந்த பணி முடியாமலே நீக்கப்படுவதற்குப் பல காரணங்கள் உண்டு.

காரணங்கள்

• வழங்கி நீக்குதல்: முடிவைச் சரிபார்க்க ஒரே பணி பல கணினிகளுக்கு அனுப்பப்படும். ஒத்த முடிவுகள் போதிய அளவு வந்துவிட்டால், தொடங்கப்படாத மிகைப் படிகளை வழங்கி நீக்கிவிடும். இது பிழை அன்று.
• காலக்கெடு கடத்தல்: கெடுவுக்குள் தொடங்கப்படாத பணியை மென்பொருளே கைவிடும்.
• வரம்பு மீறல்: பணிக்கு ஒதுக்கிய வட்டு இடமோ நேரமோ மிஞ்சினால் பணி நிறுத்தப்படும்.

தீர்வுகள்

முதலில் நிகழ்வுப் பதிவைப் படித்துக் காரணத்தை அறிய வேண்டும். மின்தடை மட்டுமே பணியை நீக்குவதில்லை. கடைசி இடைச்சேமிப்பிலிருந்து பணி தொடரும். ஆனால் கெடாரில் மாலையில் இரண்டு மணி நேரமே மடிக்கணினியை இயக்கும் மாணவர் பத்து நாள் பணிகளை முன்கூட்டியே இறக்கினால் பெரும்பாலானவை கெடு தாண்டும். அவை வேறு கணினிகளுக்கு மீண்டும் அனுப்பப்படுவதால் ஆய்வு தாமதமாகும். சேமிப்பு நாள்களைக் குறைத்து, ஒரே திட்டத்தில் இணைவது நல்லது.