மீன்பிடிப் பூனையும் அதன் இரைப்பைப் புழுவும்

பெரியநீலாவணையின் கிழக்கே கடல். மேற்கே வயல்களும் மட்டக்களப்பு வாவியின் தென்பகுதியைச் சார்ந்த தாழ்நிலங்களும். மீன்பிடிப் பூனை விரும்பி வாழ்வது இத்தகைய ஈரநிலங்களிலேயாம். கோழிக்கூட்டை நாடிவரும் இவ்விலங்கை நோய் பரப்பும் ஒன்றெனக் கருதிக் கொன்றொழிப்பது எளிது. அக்கருத்து அறிவியல் நோக்கில் ஏற்கத்தக்கதா என்பதை ஒரு புழுவின் வரலாற்றைக் கொண்டு நாம் இங்கு ஆராய்வோம்.

1836ஆம் ஆண்டில் றிச்சட் ஓவன் என்னும் ஆங்கில விலங்கியலறிஞர், இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த புலியொன்றின் இரைப்பையிற் கண்ட புழுவை விவரித்தார். தலையில் வரிசை வரிசையாகக் கொளுக்கிகளைக் கொண்ட இவ்வட்டப்புழுவே நதொஸ்தோமா ஸ்பினிஜெரம் ஆகும். பூனைக் குடும்பத்து விலங்குகளும் நாயும் இதன் இறுதி விருந்துவழங்கிகள்.

இதன் வாழ்க்கை வட்டத்தை 1930களில் சீயநாட்டு ஆய்வாளர்களான பிரோமாஸ், டெங்ஸ்வாங் ஆகியோர் தெளிவுபடுத்தினர். விலங்கின் மலத்துடன் வெளியேறும் முட்டைகள் நன்னீரிற் பொரிக்கின்றன. வெளிவரும் குடம்பியைச் சைக்கிளொப்ஸ் என்னும் நுண்ணிய நீருயிர் உண்கிறது; அதனை மீனோ தவளையோ உண்கிறது. விரால் போன்ற மீன்களின் தசையிற் குடம்பி உறைகொண்டு தங்குகிறது. அம்மீனைப் பூனை உண்டதும் குடம்பி இரைப்பையைத் துளைத்து, ஈரலினூடும் தசைகளினூடும் அலைந்து, மீண்டும் இரைப்பைச் சுவரை அடைந்து முதிர்கிறது.

மனிதன் இவ்வட்டத்திற்கு உரியவனல்லன். நன்கு வேகாத மீனை உண்பவனின் உடலிற் புகும் குடம்பி, முதிர்ச்சியடையாது தோலின் கீழ் அலைந்து வீக்கங்களை உண்டாக்குகிறது; சில வேளைகளிற் கண்ணையும் மூளையையும் தாக்குகிறது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? காட்டிலுள்ள பூனையைக் காண்பதாலோ, அது வளவினூடாகச் செல்வதாலோ இந்நோய் எவரையும் தொற்றுவதில்லை. அதனைக் கொன்றாலும் சங்கிலி அறுவதில்லை. ஏனெனில் எண்ணிக்கையில் மிகுந்த வீட்டுப் பூனைகளும் தெருநாய்களும் அதே புழுவைச் சுமக்க வல்லன. பச்சை மீன்கழிவை அவற்றுக்கு வீசுவதும், அவற்றின் மலம் வாய்க்கால்களையும் குளங்களையும் அடைய விடுவதும் நாமே.

பூனைகளின் குடலில் வாழும் தொக்சோகாரா கற்றி என்னும் புழுவும் இவ்வுண்மையையே உணர்த்துகிறது. இது தாய்ப்பாலின் வழியே குட்டிகளை அடையும். மலத்துடன் வெளியேறும் இதன் முட்டைகள் மண்ணிற் சில வாரங்கள் கிடந்த பின்னரே தொற்றும் தன்மை பெறுகின்றன. ஆகவே மணல் முற்றத்திற் சிறுவர் விளையாடும் இடங்களிலிருந்து மலத்தை உடனுக்குடன் அகற்றுதல் மருந்தினும் சிறந்த காப்பாகும்.

உலக அளவிலேயே அழிவை எதிர்நோக்கும் இனங்களுள் மீன்பிடிப் பூனையும் ஒன்று. ஈரநிலம் சுருங்கி இரை குறையும்போது, நலமுள்ள விலங்கு தாங்கிக்கொள்ளும் புழுச்சுமையே நலிந்த விலங்குக்குக் கேடாகிறது. மீனை நன்கு சமைத்தல், வீட்டு விலங்குகளுக்குக் காலந்தோறும் புழுமருந்து அளித்தல், கழிவகற்றலைப் பொதுக் கடமையாக ஒழுங்குசெய்தல் ஆகியனவே செய்யவேண்டியவை. வறிய குடும்பங்களின் தோளில் மட்டும் இப்பொறுப்பைச் சுமத்துதல் நியாயமன்று. உள்ளூராட்சி மன்றங்களும் கால்நடை வைத்தியத் துறையும் இதில் முன்னிற்றல் வேண்டும். இவற்றை விடுத்துப் பூனையைக் கொல்வதால் விலங்கு அழியும், புழு எஞ்சும்.