கோபுரத்தின் உள்வெளியும் இடஞ்சார் கலையும்: திருப்புடைமருதூர் ஓவியங்கள்

ஒரு கட்டடத்தின் உட்பகுதிக்கென்றே திட்டமிடப்பட்டு, அதன் சுவர், ஒளி, நடைவழி ஆகியவற்றைத் தன் உறுப்புகளாகக் கொள்ளும் படைப்பை இக்காலக் கலைத்திறனாய்வு ‘இடஞ்சார் கலை’ என்கிறது. 1960களின் பிற்பகுதியில் மேலைநாடுகளில் வலுப்பெற்ற இக்கருத்தாக்கத்தைப் பழங்கலையின்மீது அப்படியே ஏற்றுதல் பொருந்தாது. கோயில் ஓவியர் காட்சிக்கூடத்தை மறுத்து வந்தவர் அல்லர். எனினும், இடத்திலிருந்து பிரித்தால் படைப்பில் எஞ்சுவது என்ன என்னும் அதன் மையக் கேள்வி தாமிரபரணிக் கரையில் வலுவாகவே எழுகிறது.

திருநெல்வேலி மாவட்டத்தில், கடனாநதி தாமிரபரணியுடன் கூடுமிடத்தில் உள்ளது திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில். அதன் ஐந்துநிலைக் கோபுரத்தின் உட்சுவர்களில் விசயநகர–நாயக்கர் காலப் பாணி ஓவியங்கள் நிலைதோறும் தீட்டப்பட்டுள்ளன. சுவரோவியங்கள் மண்டப விதானத்திலும் திருச்சுற்றிலும் அமைவதே பெருவழக்கு. கோபுரத்தின் உள்வெளி முழுவதும் சித்திரக்கூடமாவது அரிது. இங்கு ஓவியம் தனித்தும் நிற்கவில்லை. மேல்தளத்தைத் தாங்கும் மரத்தூண்களும் போதிகைகளும் உத்திரங்களும் செதுக்குவேலை பெற்றுள்ளன. சுவரில் வண்ணமாகத் தோன்றும் உருவுலகம் காண்பவரின் கைக்கெட்டும் தொலைவில் மரத்தில் புடைத்தெழுகிறது. மேலே செல்லச் செல்லக் கோபுரம் குறுகுவதால் சுவரும் காண்பவரை நெருங்குகிறது. நிலைகளின் வாயில் திறப்புகள் வழியே வரும் வெளிச்சம் சுவரெங்கும் ஒரே சீராக விழுவதில்லை; ஒரு காட்சி தெளியும்போது அடுத்தது நிழலில் இருக்கும்.

திருவிளையாடல், இராமாயணம், ஞானசம்பந்தர் வரலாறு முதலியவற்றோடு போர்க்காட்சிகளும் குதிரைகளை ஏற்றிவரும் மரக்கலமும் இங்கு இடம்பெறுகின்றன. போர்க்காட்சிகளை, அச்சுததேவராயர் படைக்கும் திருவிதாங்கூர் மன்னருக்கும் இடையே 1532இல் நிகழ்ந்த தாமிரபரணிப் போருடன் சா. பாலுசாமி இணைத்துக் காண்கிறார். இவ்விளக்கத்தை ஏற்பின், ஆற்றின் பெயர் தாங்கிய போர் அவ்வாற்றின் கரையிலேயே வரையப்பட்டதாகிறது. புராணத்துக்கும் அண்மைக்கால அரசியலுக்கும் ஒரே கோபுரத்தில் இடமளித்தவரின் நோக்கம் தனியே ஆராயத்தக்கது.

வழிபட வருவோர் கோபுர வாயிலைக் கடந்து உள்ளே செல்கின்றனரேயன்றி மேல்நிலைகளுக்கு ஏறுவதில்லை. பொதுக்கட்டடம் ஒன்றின் பொதுவல்லாத உள்வெளிக்கு இத்துணை உழைப்பு செலவிடப்பட்டிருக்கிறது. காண்போர் தொகையைக் கொண்டு படைப்பின் பயனை அளக்கும் இன்றைய வழக்கம் இங்கு உதவாது. தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்றின் தலைப்பகுதியான குற்றாலத்தில் இதன் மறுமுனையைக் காணலாம். ஐம்பெரும் சபைகளுள் ஒன்றான அங்குள்ள சித்திரசபையில் நடராசர் ஓவிய வடிவிலேயே வழிபடப்படுகிறார். அங்கே படத்துக்காகவே கட்டடம் நிற்கிறது. இங்கே கட்டடத்தின் வடிவத்துக்கேற்பப் படம் அமைகிறது.

ரிச்சர்ட் செர்ரா நியூயார்க்கின் அரசு வளாகமொன்றில் 1981இல் நிறுவிய ‘சாய்ந்த வில்’ என்னும் எஃகுச் சிற்பம், எதிர்ப்புகளுக்குப் பின் 1989இல் அகற்றப்பட்டது. வேறிடத்துக்கு மாற்றுவது படைப்பை அழிப்பதே என அவர் வாதிட்டார். திருப்புடைமருதூருக்கு இத்தகைய பெயர்ப்பு நேரவில்லை. ஆனால் நிழற்படம் வேறொரு பெயர்ப்பைச் செய்கிறது. நூற்பக்கத்தில் ஓவியப்பட்டை சமதளமாகவும் ஒரே ஒளியிலும் கிடக்கிறது. அதை மறைத்து நின்ற தூண் நீக்கப்படுகிறது. வண்ணங்கள் மங்கிவரும் சூழலில் நிழற்படப் பதிவு இன்றியமையாததே. ஆயினும் ஒவ்வொரு காட்சியும் எந்த நிலையில், எத்திசைச் சுவரில், எத்தூணுக்கு எதிரே, தளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்னும் குறிப்பு அப்பதிவோடு சேர வேண்டும். பழுதுற்ற உத்திரமொன்றை மாற்ற நேரும்போது, எதிரிலுள்ள ஓவியத்துக்கும் அதற்கும் இருந்த தொடர்பை அக்குறிப்பைக் கொண்டே அறிய இயலும்.